பத்து ஆண்டு கடந்த மாற்றுச் சிறுநீரகம்: உடல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கருதலாமா?

கோண்டாவில் வாசி

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த அண்ணர் தன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குத் தந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. அன்று தொடக்கம் இன்றுவரை என் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் குருதியளவு) 1.2, 1.3 என்ற அளவிலேயே நிற்கிறது. சிறுநீரில் புரதமும் இல்லை. காலையும் மாலையும் டக்ரோலிமஸ், மைக்கோபினோலேற், அவற்றோடு காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்று உடலின் எதிர்ப்பை அடக்கும் குளிசைகள் தொடர்கின்றன. இடையில் நீரிழிவு வந்துவிட்டது. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது விரல்கள் நடுங்குகின்றன.

2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, உடலின் எதிர்ப்புச் சக்தி எதைத் தாக்காமல் விடுகிறது என்ற நிர்ப்பீடனச் சகிப்பைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு வழங்கப்பட்டதை அறிந்ததிலிருந்து, ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் வாரத்துக்கு ஒரு செய்தியாவது அனுப்பி, இனிக் குளிசையில்லாத காலம்தான் என்கிறார். என் கேள்வி இதுதான்: இத்தனை ஆண்டுகள் ஒரு குழப்பமும் செய்யாத உடல், அண்ணரின் சிறுநீரகத்தைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கருத முடியாதா? அப்படியானால், சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்பதில் என்ன பிழை?

வடமராட்சி ஆசிரியர்

தம்பி, நான் மருத்துவன் அல்லன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்து இளைப்பாறியவன். ஆகவே மருந்தின் அளவைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. ஆனால், நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்குள் இரண்டு வேறுபட்ட நிலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்பதைச் சொல்லலாம். கட்டிப்போட்டிருப்பதால் குரைக்காத நாயும், வந்தவரை வீட்டார் என்று அறிந்து குரைக்காத நாயும் படலைக்கு வெளியே நிற்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். உங்கள் கிரியற்றினின் அறிக்கை படலைக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டுமே.

இரண்டாவது நிலைதான் சகிப்பு. அதன் வரலாறு மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1945இல் அமெரிக்காவில் றே ஓவன் என்பவர், கருப்பையில் ஒரே குருதியோட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள், வளர்ந்த பிறகும் ஒன்றின் குருதிக் கலங்களை மற்றது சுமந்து திரிவதையும், உடல் அவற்றை எதிர்க்காதிருப்பதையும் கண்டார். 1953இல் பீற்றர் மெடவாரும் அவருடைய இரு தோழர்களும் அதை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார்கள். பிறவாத எலிக்குஞ்சுக்குள் வேறோர் இன எலியின் கலங்களைச் செலுத்தினால், அக்குஞ்சு வளர்ந்தபின் அந்த இனத்தின் தோலை ஒட்டவைத்தாலும் உதறித் தள்ளாது. மூன்றாவது இனமொன்றின் தோலை மட்டும் வழக்கம்போல் தள்ளிவிடும். இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமானது. சகிப்பு என்பது எதிர்ப்பு ஒட்டுமொத்தமாகத் தளர்ந்து போவதன்று. ஒருவரின் இழையத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் எதிர்க்கும் வல்லமையை அப்படியே வைத்திருப்பதாகும். நீங்கள் எடுக்கும் குளிசைகள் அந்த வேறுபாட்டை அறியா. அண்ணரின் சிறுநீரகத்துக்கு எதிராக எழக்கூடிய கலங்களையும் காசநோய்க் கிருமிக்கு எதிராக எழ வேண்டிய கலங்களையும் அவை ஒரே அளவில் அடக்குகின்றன. கொரோனாத் தடுப்பூசி போட்டபோது உறுப்பு மாற்றம் செய்தோரில் பலருக்குப் போதிய பிறபொருளெதிரி (அந்நியப் பொருளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) உருவாகாமற் போனதற்கும் இதுவே காரணம்.

1954ஆம் ஆண்டு திசெம்பரில் பொஸ்ரன் நகரில் யோசப் மறே செய்த, வெற்றிபெற்ற முதலாவது சிறுநீரக மாற்றத்தில் எந்த அடக்குமருந்தும் கொடுக்கப்படவில்லை. தந்தவரும் பெற்றவரும் உருவொத்த இரட்டையர். அங்கே சகித்துக்கொள்ள வேண்டிய அந்நியம் என்று ஒன்றுமே இருக்கவில்லை. உங்கள் அண்ணர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், உங்கள் உடலுக்கு அவர் வேறொரு மனிதர்தான்.

உரும்பிராய் குமாரன்

ஆசிரியர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால், வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டிய குளிசை என்பது, அதை விற்பவனுக்கு வாழ்நாள் வருமானம் என்பதையும் நாங்கள் மறக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர், தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தி மாதக் கணக்காகிறது, நன்றாகத்தான் இருக்கிறார். சித்த வைத்தியர் ஒருவரின் ஆலோசனையில் சீந்தில் கசாயம் குடித்து வருகிறார். அப்படியான ஒருவரைப் பார்த்த பிறகும், குறைத்தாலே ஆபத்து என்று எல்லோரையும் அச்சுறுத்துவது நியாயமா?

சாவகச்சேரி மகள்

குமாரன் அண்ணா, மாதக் கணக்கு என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் நன்றாக இருந்தார்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கையிருப்பு முடிந்துவிடுமோ என்ற பயத்தில், அப்பா எங்களுக்குச் சொல்லாமலேயே மாலைக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் காலத்துக் கிளினிக் கொப்பியை இப்போதும் வைத்திருக்கிறேன். அதில் கிரியற்றினின் பகுதியில் ஒரு மாற்றமும் இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் குறையவில்லை. அது அவருக்குத் துணிவைக் கொடுத்தது. தட்டுப்பாடு தணிந்த பிறகும் அவர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டில் முதலில் கால் வீங்கியது, பிறகு சிறுநீரில் நுரை வந்தது. ஊசி மூலம் சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, பிறபொருளெதிரிகளால் நாட்பட்டு ஏற்பட்ட நிராகரிப்பு என்று எழுதித் தந்தார்கள். மருந்தை மீண்டும் கூட்டினார்கள். ஆனால் போனது திரும்பவில்லை. இப்போது குருதி சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார். அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்தவர் என் அம்மா. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆய்வு மாணவி

சகோதரியின் தந்தைக்கு நேர்ந்தது, துறையில் உள்ளவர்கள் மிக அதிகமாகக் காணும் வரிசையாகும். நான் நிர்ப்பீடனவியலில் பட்டமேற்படிப்பு ஆய்வு செய்பவள். கோண்டாவில் ஐயாவின் கேள்வியை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். ஏனென்றால், அதே கேள்வியை ஆய்வாளர்களே முறைப்படி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பல நிலையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2015இல் வெளிவந்தது. உயிருள்ள ஒருவரிடமிருந்து முதன்முறையாகச் சிறுநீரகம் பெற்றவர்கள், தந்தவருக்கு எதிரான பிறபொருளெதிரி இல்லாதவர்கள், நிராகரிப்பு ஒருமுறைகூட நிகழாதவர்கள், துண்டுப் பரிசோதனையிலும் குறை காணப்படாதவர்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு டக்ரோலிமஸை மட்டும் மெல்ல மெல்ல நிறுத்தினார்கள். மற்றைய மருந்துகள் தொடர்ந்தன. அப்படியிருந்தும், நிறுத்தப்பட்டவர்களிடம் நிராகரிப்பும், தந்தவருக்கு எதிரான புதிய பிறபொருளெதிரிகளும் தோன்றியதால், திட்டமிட்ட காலத்துக்கு முன்னரே அந்த ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆபத்துக் குறைந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்கே, ஒரு மருந்தை விலக்கியதற்கே, இது நடந்தது.

அதே வேளையில், எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு ஓர் ஆண்டுக்கும் மேலாக நல்ல சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களில் பலர் ஏதோவொரு புற்றுநோய் காரணமாக மருந்தை நிறுத்த நேர்ந்தவர்கள், அல்லது தாங்களாகவே விட்டுவிட்டவர்கள். ஈரல் மாற்றம் செய்தவர்களில் இத்தகையோர் கணிசமாக உண்டு. சிறுநீரகத்தில் மிக அரிது. இவ்விரு உறுப்புகளையும் பற்றிய செய்திகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இணையத்தில் பாதி நம்பிக்கை பிறக்கிறது. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நடந்த இரு ஆய்வுகள் அந்த அரிய சிலரின் குருதியைப் பரிசோதித்து, அவர்களிடம், முதிர்ந்தபின் பிறபொருளெதிரியை உருவாக்கும் பி நிணநீர்க் கலங்களில் முதிராதவை கூடுதலாக இருப்பதைக் கண்டன. இதை வைத்து, யாருக்குச் சகிப்பு உருவாகியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற ஆவல் அப்போது எழுந்தது. பின்னர், அடக்குமருந்துகளே அந்தக் கலங்களைக் குறைப்பதால், மருந்து எடுப்பவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டதே அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை உண்டாக்கியிருக்கலாம் என்பது தெரியவந்தது. குருதியை எடுத்துப் பார்த்து, இவர் மருந்தை நிறுத்தலாம் என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை எந்தக் கிளினிக்கிலும் இல்லை.

கிரியற்றினினைப் பற்றி ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய பிறபொருளெதிரி குருதியில் தோன்றுவதற்கும் கிரியற்றினின் ஏறுவதற்கும் இடையே மாதங்களோ, சில வேளைகளில் ஆண்டுகளோ கழியலாம். அந்த இடைவெளியில் நுண்குழாய்களின் உட்சுவர் சேதமடைந்துகொண்டிருக்கும். சிறுநீரகத்தில் எஞ்சிய வடிகட்டிகள் கூடுதலாக வேலை செய்து எண்ணைச் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும். குமாரன் அண்ணா குறிப்பிட்ட வெளிநாட்டு நண்பர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை, அவர் நன்றாக இருக்கிறார் என்ற ஒன்றைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அவர் ஒருமுறை பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று: பிரெட்னிசொலோனை ஆண்டுக்கணக்காக எடுத்தவர் சடுதியாக நிறுத்தினால், சிறுநீரகம் ஒருபுறம் இருக்க, அதே வகை ஓமோனை இயல்பாகச் சுரக்கும் அதிரீனல் சுரப்பி தன் வேலையைச் செய்யாமல் மயங்கி விழவும் கூடும்.

கோண்டாவில் வாசி

சாவகச்சேரிச் சகோதரியின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நன்றி. மைத்துனர் அனுப்பிய செய்திகளில் ஒன்று வேறு மாதிரியானது. சிறுநீரகத்தோடு என்பு மச்சையையும் அதே ஆளிடமிருந்து கொடுத்தால் குளிசையே தேவையில்லை என்று அதில் உள்ளது. என் அண்ணர் நலமாக இருக்கிறார். கேட்டால் மறுக்க மாட்டார். இப்போது அதைச் செய்ய முடியுமா?

ஆய்வு மாணவி

அந்தச் செய்தி பொய்யன்று, ஐயா. ஓவனின் கன்றுகளுக்குக் கருப்பையில் தானாக நடந்ததை, வளர்ந்த மனிதருக்குச் செய்து பார்க்கும் முயற்சிதான் அது. தந்தவரின் குருதி உருவாக்கும் கலங்கள் பெற்றவரின் என்பு மச்சையில் சிறிது காலமாவது குடியேறினால், அந்நியத்தைத் தாக்கும் வெண்கலங்களில் ஒரு வகையான ரீ கலங்கள் புதிதாக உருவாகி, நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிலும்போது தந்தவரின் அடையாளங்களையும் கண்டு பழகும்; அவற்றைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படும்.

பொஸ்ரனில் உள்ள மசச்சுசெற்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், எச்.எல்.ஏ. (ஒருவரின் கலங்களை அவருடையவை என்று காட்டும் பரம்பரை அடையாளங்கள்) பாதியளவே பொருந்திய உறவினரிடமிருந்து சிறுநீரகத்தையும் மச்சையையும் ஒருங்கே பெற்ற ஐவரைப் பற்றி 2008இல் எழுதினார்கள். அவர்களில் நால்வரால் மருந்தை முற்றாக நிறுத்த முடிந்தது. ஒருவர் அந்தச் சிறுநீரகத்தை இழந்தார். வியப்பு என்னவென்றால், தந்தவரின் கலங்கள் சில வாரங்களிலேயே மறைந்துவிட்டன. சகிப்பு மட்டும் நின்றது. சிறுநீரகம் வந்த பிறகு அதுவே தன் பங்குக்கு, மற்றக் கலங்களின் தாக்குதலை அடக்கி ஒழுங்குபடுத்தும் ரீ கலங்களை வளர்த்துக்கொள்கிறது என்று இதை விளக்குகிறார்கள். 2025இன் பரிசு பெற்ற சகாகுச்சி, பிரன்கோ, றாம்ஸ்டெல் மூவரும் கண்டறிந்தது இந்தக் கலங்களையும், அவற்றை ஆளும் பொக்ஸ்பி3 என்ற மரபணுவையுமே. ஆனால், பிந்திய ஆண்டுகளில் அந்த மருத்துவமனையின் நோயாளிகளில் சிலர் மீண்டும் மருந்துக்குத் திரும்ப நேர்ந்தது என்பதையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்திய உடன்பிறப்புகளோடு வேலை செய்தார்கள். அங்கே வெற்றி கூடுதல். 2022இல் அவர்கள் வெளியிட்டதன்படி, ஓர் அரிய பிறவி நோயுடைய மூன்று பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோரின் குருதிக் குருத்துக் கலங்களையும், சில மாதங்கள் கழித்து அதே பெற்றோரின் சிறுநீரகத்தையும் கொடுத்து, மருந்தில்லாமல் வாழவைத்தார்கள். வேறொரு நிலையத்தில் தொடங்கிய முறையில், தந்தவரின் கலங்கள் முழுமையாகவும் நிரந்தரமாகவும் குடியேறின. அதன் விலை, அக்கலங்கள் பெற்றவரின் தோலையும் குடலையும் தாக்கும் ஆபத்து. அந்த முறையின் பெரிய ஆய்வில் ஒருவர் உயிரிழந்தார். 2023இல் அந்த ஆய்வு கைவிடப்பட்டது. நமக்கு அருகில், அகமதாபாத்தில் காலஞ்சென்ற மருத்துவர் திரிவேதியின் நிலையமும் குருத்துக் கலங்களைக் கொண்டு மருந்தைக் குறைக்கும் முயற்சியில் நீண்ட காலம் ஈடுபட்டது.

இனி உங்கள் கேள்வி. அண்ணர், தம்பி என்றால் எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்துவதற்கான வாய்ப்பு நாலில் ஒன்று. பாதி பொருந்த நாலில் இரண்டு. சற்றும் பொருந்தாமலிருக்க நாலில் ஒன்று. உங்கள் பழைய கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும். முழுப் பொருத்தமாகவே இருந்தாலும், மேலே சொன்ன முறைகளில் கலங்கள் குடியேற இடம் ஒதுக்குவதற்காக நிணநீர்க் கணுக்களுக்குக் கதிர்ச் சிகிச்சையோ கடுமையான இரசாயன மருந்தோ கொடுக்கிறார்கள். அவை பெரும்பாலும் சிறுநீரக மாற்றத்தை ஒட்டியே நடந்தவை. நன்றாக வேலை செய்யும் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சோதனைக்குள் இறங்குவது, இருக்கும் நிலையைவிட ஆபத்தானது. இது என் தனிப்பட்ட கருத்து. உங்கள் விசேட வைத்திய நிபுணரின் கருத்தே முடிவானது.

வடமராட்சி ஆசிரியர்

எலியில் இவ்வளவு எளிதாகக் கிட்டியது மனிதரில் ஏன் இழுபடுகிறது என்று என் பழைய மாணவர்கள் கேட்பதுண்டு. ஆய்வுகூட எலி நோயறியாமல் கூண்டில் வளர்கிறது. நாங்களோ பிறந்த நாள் தொட்டு எத்தனையோ வைரசுகளைச் சந்தித்து, அவற்றை நினைவில் வைத்திருக்கும் கலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அந்த நினைவுக் கலங்களில் சில, அந்நியரின் எச்.எல்.ஏ. அடையாளத்தையும் பழைய பகையென்று எண்ணித் தாக்குகின்றன. புதிய ரீ கலங்களைப் பயிற்றுவிக்கலாம்; நினைவுக் கலங்களின் மனத்தை மாற்றுவதுதான் கடினம்.

உரும்பிராய் குமாரன்

நண்பருக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்; பரிசோதனை செய்வாரா என்று தெரியவில்லை. கம்பனிகளைப் பற்றிய என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஆனால், சீந்தில் இயற்கையானது. அதனால் கெடுதி வர வழியில்லையே?

சுன்னாகம் மருந்தாளர்

கெடுதி வர வழியுண்டு. சீந்திலை விற்பவர்கள் அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றே சொல்லி விற்கிறார்கள். அந்தச் சக்தியை அடக்கி வைக்கவே பாடுபடும் ஒருவருக்கு அது எதற்கு? அது வேலை செய்யாவிட்டால் வீண்; வேலை செய்தால் ஆபத்து. கம்பனிகளைப் பொறுத்தவரை, டக்ரோலிமஸின் காப்புரிமை முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இன்று அதைப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் செய்கின்றன.

பதிவுகளில் எல்லோரும் குறைப்பதா, நிறுத்துவதா என்றே பேசுகிறீர்கள். என் மேசைக்கு முன்னால் நான் காண்பது வேறு. குளிசையை ஒழுங்காக எடுப்பவர்களுக்கே, வேறொரு மருந்தால் அளவு கெட்டுப்போகிறது. அரையில் வந்த படைக்கு யாரோ சொன்ன புளுக்கொனசோலை வாங்கி விழுங்கினால், டக்ரோலிமஸ் குருதியில் ஏறிச் சிறுநீரகத்தையே நஞ்சாக்கும். கை நடுக்கம் கூடும். கிளாரித்ரோமைசினும் அப்படியே. காசநோய்க்குத் தரும் றிபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் பெனிற்றோயினும் மறுபுறமாக அளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். அப்போது குளிசை வாய்க்குள் போனாலும் போகாததற்குச் சமம். கிரேப் புறூட் கூடாது என்பது பலருக்குத் தெரியும். அதன் இனத்தைச் சேர்ந்த பம்பளிமாசும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது.

குருதி கொடுக்கும் நாளிலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. இரவு பஸ்ஸில் கண்டிக்கோ கொழும்புக்கோ போய் இறங்கியவர்கள், பழக்கத்தில் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். முந்திய இரவுக் குளிசைக்கும் குருதி எடுப்பதற்கும் இடையே 12 மணித்தியாலம் இருக்க வேண்டும்; காலைக் குளிசையைக் கையில் வைத்திருந்து, ஊதா மூடிக் குழாயில் குருதி எடுத்த பிறகே விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கையில் அளவு பொய்யாகக் கூடி வரும். அதை நம்பி வைத்தியர் அளவைக் குறைப்பார். கோண்டாவில் ஐயா தன் விருப்பத்துக்குக் குறைப்பதும் இதுவும் முடிவில் ஒன்றுதான்.

கோண்டாவில் வாசி

அடுத்த கிளினிக்குக்கு மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் எச்.எல்.ஏ. பொருத்தம் என்ன? அண்ணருக்கு எதிரான பிறபொருளெதிரி என்னிடம் உண்டா என்று பார்க்க முடியுமா? நீரிழிவையும் கை நடுக்கத்தையும் முன்னிட்டு, நிபுணரின் கண்காணிப்பில் பிரெட்னிசொலோனையோ டக்ரோலிமஸின் இலக்கு அளவையோ மாற்ற இடமுண்டா? அதுவரை ஒன்றையும் தொடப் போவதில்லை. மைத்துனருக்கு நாளை தொலைபேசி எடுப்பேன்.

மருந்தாளர் ஐயாவிடம் ஒன்று. சென்ற மாதம் கிடைத்த டக்ரோலிமஸ் வேறு நிறுவனத்தினுடையது. கூட்டின் நிறமும் வேறு. மில்லிகிராம் அதே. அப்படியே எடுக்கலாமா?

சுன்னாகம் மருந்தாளர்

எடுங்கள், விட வேண்டாம். ஆனால் நாளொன்றுக்கு ஒருமுறை எடுக்கும் வகையா, இருமுறை எடுக்கும் வகையா என்று பெட்டியில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. உங்களுடையது இருமுறை வகை. நிறுவனம் மாறியதைக் கிளினிக்குக்கு இன்றே தொலைபேசியில் சொல்லி, ஓரிரு வாரத்துக்குள் குருதியில் மருந்தின் அளவைப் பார்க்க நாள் கேளுங்கள். பழைய நிறுவனத்தின் குளிசைகள் மிச்சம் இருந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்க வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் மற்றது என்று எடுத்தால் அளவு எதனால் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.